சூட்டில் கிளம்பாத வண்டியும் எங்கள் மாமாவும்

எனக்குப் பதற்றம் வந்தால் மூளை ஒதுங்கி உட்கார்ந்துகொள்ளும். "நீ பாத்துக்கோ" என்று எல்லா வேலையையும் கையிடம் கொடுத்துவிடும். கைக்குக் கண் கிடையாது. பால் பொங்கியபோது தண்ணீர் தெளிப்பதாக நினைத்து மண்ணெண்ணெய்ப் புட்டியைத் தூக்கியவன் நான். எங்கள் மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிய அன்று "புடி, புடி" என்று ஊர் அதிரக் கத்திக்கொண்டே மாட்டுக்கு எதிர்த்திசையில் ஓடினேன். அதில் மட்டும் கொஞ்சம் யோசனையும் இருந்தது என்று இப்போது சொல்லிக்கொள்ளலாம்.

இப்படிப்பட்டவனுக்கு அக்காள் புருஷனாக வாய்த்தவர், ஒரே சமயத்தில் இரண்டு காரியம் செய்வதைப் பாவம் என்று நினைத்த மனிதர். பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால் எங்கள் ஊரான பண்டசோழநல்லூரில் பாதிப்பேர் "எங்க பெரியப்பாவாச்சே" என்று வந்து உட்காருவார்கள். மீதிப்பேர் நான் எழுதியதெல்லாம் புளுகு என்று சொல்ல வருவார்கள். இரண்டு கூட்டத்துக்கும் காபி போட என் வீட்டில் பால் இல்லை. எனக்கு அவர் மாமா. உங்களுக்கும் அப்படியே இருக்கட்டும்.

பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாகச் சேர்ந்து, சைகோனில் இருந்துவிட்டு, பென்ஷனோடு ஊருக்குத் திரும்பி நெல்லும் கரும்பும் வைத்தவர். ஒல்லியான ஆள். காக்கிக் கால்சட்டை, மேலே துண்டு. பேசும்போது ஒரு வாக்கியத்தை முடித்துவிட்டு, அது போய்ச் சேர்ந்ததா என்று எதிராளியின் முகத்தைப் பார்ப்பார். சேர்ந்தது தெரிந்தபிறகுதான் அடுத்த வாக்கியம். அவரிடம் வழி கேட்டவர்கள் பலர் பாதி வழியோடு கிளம்பிப் போயிருக்கிறார்கள்.

"ஒண்ணு மாத்து, ஒண்ணு பாரு" என்பதுதான் அவருடைய வேதம். கெட்டுப்போனது எதுவானாலும் சரி, ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். மாற்றிவிட்டுப் பொறுத்துப் பார்க்க வேண்டும். சரியாகவில்லையா, மாற்றியதைப் பழையபடி வைத்துவிட்டு அடுத்ததைத் தொட வேண்டும். இரண்டைச் சேர்த்து மாற்றிச் சரியாகிவிட்டால் அது அவரைப் பொறுத்தவரை சரியானதே இல்லை. "எதனால ஆச்சின்னு தெரியாம ஆனது, மறுபடியும் ஆவாது மச்சான்" என்பார்.

கல்யாணப் பந்தியில் அவரிடம் போய் "எப்டி இருக்குது?" என்று கேட்கக்கூடாது. எங்கள் சித்தப்பா வீட்டுக் கல்யாணத்தில் சமையல்காரர் கேட்டுவிட்டார்.

"குழம்புல உப்பு கம்மி" என்றார் மாமா.

"காரமும் கொஞ்சம் தூக்கிடட்டா?"

"காரத்தத் தொடாத. உப்ப மட்டும் போடு. போட்டு எடுத்தா. அப்பால சொல்றன்."

பந்தி எழுந்துவிட்டது. அடுத்த பந்திக்கு இலை போட வந்தவன் மாமாவின் இலைமேல் இலை போடப் பார்த்தான். மாமா ஒரு கையால் இலையைக் காத்துக்கொண்டு, உப்பு போட்ட குழம்பு வருவதற்காக உட்கார்ந்திருந்தார். அக்கா பெண்கள் வரிசையிலிருந்து தலையில் அடித்துக்கொண்டாள். "இந்த மனுசன் செத்தாக்கூட மொதல்ல ஒரு காலு, அது செரியா செத்துதான்னு பாத்துட்டு அடுத்த கால்னுதான் சாவாரு" என்றாள்.

ஆனால் அந்தக் கிறுக்கிலும் ஊருக்கு லாபம் உண்டு. வரப்புத் தகராறில் அண்ணனும் தம்பியும் மண்வெட்டியோடு அவர் வாசலுக்கு வந்தார்கள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கத்தினால் கேட்கமாட்டாரே. ஒரு செம்பு தண்ணீர் கொண்டுவரச் சொல்லி, தம்பி வாயில் ஒரு மடக்கு ஊற்றினார்.

"துப்பக்கூடாது, முழுங்கக்கூடாது. அண்ணன் முடிக்கட்டும்."

அண்ணன் பேசினான். தம்பி கன்னம் உப்ப, கண் சிவக்க நின்றான். அண்ணன் முடித்ததும் அவன் வாய்க்குத் தண்ணீர், தம்பிக்குப் பேச்சு. இரண்டு சுற்று போயிற்று. மூன்றாவதில், அண்ணன் உப்பின கன்னத்தோடு தலையாட்டி மறுத்ததைப் பார்த்து தம்பிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதைப் பார்த்து அண்ணன் சிரிக்க, வாயிலிருந்த தண்ணீர் முழுவதும் மாமாவின் முகத்தில். துண்டால் துடைத்துக்கொண்டு, "செரி, இப்ப வரப்பப் பத்திப் பேசலாம்" என்றார். அவர்கள் பேசவில்லை. சிரித்துக்கொண்டே போய்விட்டார்கள்.

இந்த மனிதர்தான் மோட்டார் வாங்கினார். சீமைக்குத் திரும்பிப் போன ஒரு பிரெஞ்சு உத்தியோகஸ்தர் விட்டுப்போன பழைய வண்டி. எந்தக் கம்பெனி என்று சொல்லமாட்டேன். அந்த வண்டிக்குப் பேச்சு வந்தால் எங்களைப் பற்றி அது சொல்வதும் மரியாதையாக இருக்காது. முன்னால் இரும்புக் கைப்பிடியைச் செருகிச் சுற்றிக் கிளப்ப வேண்டும். விடியற்காலையில் ஒரு சுற்றுக்கே கிளம்பிவிடும், சமர்த்துப் பிள்ளை. ஓடி ஓடி என்ஜின் சூடாகும். அந்தச் சூட்டோடு எங்கேயாவது நிறுத்தினால் தீர்ந்தது. கெஞ்சினாலும் கிளம்பாது, சுற்றினாலும் கிளம்பாது. வெயில் தாழ்ந்து, என்ஜின் ஆறி, நாங்கள் மாடு பூட்டி இழுத்துவந்து கொட்டகையில் விட்டபிறகு, ஒன்றும் தெரியாத மாதிரி ஒரே சுற்றில் உறுமும்.

மாட்டுக்குப் பின்னால் மோட்டார் போவதைப் பார்க்க நெட்டப்பாக்கத்திலிருந்தெல்லாம் ஆள் வந்தது.

வண்டி நின்றால் நான் செய்வதை இங்கே சொல்லிவிட வேண்டும். வண்டியில் சோக்கு என்று ஒரு குமிழ் உண்டு. இழுத்தால் பெட்ரோல் கூடுதலாகப் போகும். குளிர்ந்த என்ஜினுக்கு அது சுக்குக் கஷாயம். சூடான என்ஜினுக்குக் கொடுத்தால் விக்கிக்கொள்ளும். இது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் வண்டி நின்ற கணத்தில் என் கை போய்ச் சோக்கை இழுக்கும், பிளக்கைக் கழற்றும், அதைத் துடைக்கும், துடைத்த துணியைத் தொலைக்கும், ஒயரை ஆட்டும், டயரை ஓர் உதை உதைக்கும். டயருக்கும் கிளம்பாததற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். டயரும் கேட்டதில்லை.

மாமா அதற்கு ஒரு வழி வைத்திருந்தார். "மச்சான், கையப் பின்னாடி கட்டு" என்பார். நான் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு நிற்க வேண்டும். அவரும் அதே மாதிரி நிற்பார். பார்க்கிறவர்களுக்கு, செத்துப்போன வண்டிக்கு இரண்டு பேர் மரியாதை செய்வதுபோல் இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமைதான் ஆராய்ச்சி. நெட்டப்பாக்கம் வரை ஓட்டிப்போய்த் திரும்ப வேண்டும், வழியில் நிறுத்த வேண்டும், கிளம்பாது, மாடு. கொட்டகைக்கு வந்தபிறகு, "சூட்டுல தொட்டா கை வெந்துபூடும், ஆறட்டும்" என்று காத்திருந்து, ஆறியதும் ஏதாவது ஒன்றை மாற்றுவார். ஒரு ஞாயிறு பிளக்கு. அடுத்த ஞாயிறு ஒயர். அப்புறம் நெருப்புப்பொறி உண்டாக்குகிற மேக்னெட்டு. மாற்றியதும் கிளம்பும். நான் குதிப்பேன். "இரு, வர ஞாயித்துக்கெழம சூட்டுல பாக்கலாம்" என்பார். வருகிற ஞாயிறும் மாடுதான்.

காரணம் தெரியும்வரை வெளியூரில் என்ஜினை நிறுத்தக்கூடாது என்று சட்டம் வந்தது. வில்லியனூர் தேருக்குப் போனால் எல்லோரும் இறங்கிச் சாமி கும்பிடுவார்கள். நான் மட்டும் உறுமுகிற வண்டிக்குள் உட்கார்ந்து, தேர் போகிற சத்தத்தை யூகித்துக்கொண்டிருப்பேன். ஒரு சாவு வீட்டிலும் அப்படித்தான். செத்தவருடைய தம்பி அழுகையை நிறுத்திவிட்டு வெளியே வந்து, "இன்னாடா, பொணம் எடுக்கறதுக்கு முன்னாடியே கெளம்பறதுலயே நிக்கிறீங்க?" என்றார். நான் விளக்கம் சொன்னேன். அது இன்னும் மோசமாகப் போயிற்று.

ஒரு ஞாயிறு எனக்குப் பொறுமை போய்விட்டது. "எல்லாத்தையும் ஒரே நாள்ள மாத்திப்புட்டா இன்னா மாமா? ஓடினா செரிதானே?" என்றேன்.

அவர் பிளக்கின் கரியைச் சுரண்டிக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"சைகோன்ல எனக்கு ஒரு கூட்டாளி. காரைக்கால் ஆளு. காய்ச்சல்ல படுத்தான். ஆளாளுக்கு ஒண்ணு குடுத்தோம். நான் ஒரு மாத்திரை, இன்னொருத்தன் ஒரு கஷாயம், சீனாக்காரன் ஒரு பொடி. விடியறதுக்குள்ள பூட்டான்."

சுரண்டல் நின்றது.

"காய்ச்சல்தான் கொன்னுச்சா, நாங்க குடுத்ததுல ஒண்ணு கொன்னுச்சா? என்னுதா? இன்னிக்கும் தெரியல மச்சான்."

பிளக்கைத் துடைத்து என்னிடம் கொடுத்தார். அந்தக் கதையை அதற்கு முன்னாலும் பின்னாலும் அவர் சொன்னதில்லை. அதிலிருந்து அவர் "கையப் பின்னாடி கட்டு" என்றால் நான் முனகாமல் கட்டினேன்.

அவர்களுக்குப் பிள்ளை இல்லை. கல்யாணமான பிறகு பாதி வருஷங்கள் அவருடைய பட்டாளத்தில் போக, மீதி வருஷங்களும் ஊரில் போய்க்கொண்டிருந்தன. அக்கா வேண்டிக்கொள்ளப் புறப்பட்டபோது மாமா குறுக்கே நின்றார். வேண்டாம் என்று இல்லை. முறையாக வேண்டிக்கொள்ள வேண்டும் என்று. முதலில் திருக்காஞ்சிக் கோயில். ஒரு வருஷம் பார்ப்போம். ஆகவில்லையென்றால் வில்லியனூர் மாதா. அதுவும் இல்லையென்றால் பாகூர் வைத்தியரின் லேகியம். கலக்கக்கூடாது.

அக்கா இடுப்பில் கைவைத்துக்கொண்டு கேட்டாள்: "சாமிங்க இன்னா பிளக்கா, கழட்டிக் கழட்டி மாட்டறதுக்கு?"

பிறகு "செரிங்க, நீங்க சொல்றமாரியே" என்று தலையாட்டிவிட்டாள். அவள் அவ்வளவு சுலபமாகத் தலையாட்டியபோதே மாமாவுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

நாற்பதை நெருங்கும்போது அக்கா உண்டானாள். மாமா வாசலில் நின்று வானத்தைப் பார்த்து, திருக்காஞ்சிப் பக்கம் திரும்பிக் கும்பிட்டார். கணக்குப்படி அப்போது திருக்காஞ்சியின் முறை.

உள்ளேயிருந்து அக்கா சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. "அந்தப் பக்கம் மட்டும் கும்புட்டா பத்தாதுங்க" என்றாள். எல்லாம் வெளியே வந்தது. திருக்காஞ்சிக்குப் போன அன்றே திரும்பும் வழியில் மாதாவுக்கு மெழுகுவத்தி. ஐயனார் கோயில் மரத்தில் தொட்டில். கட்டிலுக்கு அடியில் லேகியச் சட்டி. கூட்டிப்போனதெல்லாம் நான்தான். உறுமுகிற வண்டியில் வெளியே காவல் இருந்தவனும் நானே.

மாமா அப்படியே குந்தி உட்கார்ந்துவிட்டார். "இப்ப நான் யாருக்குன்னு நன்றி சொல்றது?"

"எல்லாருக்குந்தான்" என்றாள் அக்கா. "ஒங்களுக்குங்கூடக் கொஞ்சம்."

அவர் முகம் சிவந்ததை அன்றுதான் பார்த்தேன்.

வலி கண்டது சித்திரையில். விடிந்ததிலிருந்து மருத்துவச்சி உள்ளே இருந்தாள். உச்சி வெயிலில் வெளியே வந்து முந்தானையால் கையைத் துடைத்தாள். "கொழந்த குறுக்க கெடக்குது. என்னால ஆவாது. பாண்டிக்கு எடுத்தும்போங்க. சீக்கிரம் போனா ரெண்டு உசுரும். இல்லன்னா..." என்று நிறுத்தினாள். நிறுத்தியது போதுமாயிருந்தது.

என் மூளை அப்போதே ஒதுங்கி உட்கார்ந்துவிட்டது. அக்காவைத் தூக்கி வண்டியில் ஏற்றும்போது தலையணையை ஏற்றினேன். பிறகு இறக்கினேன். பிறகு ஒரு முறத்தை ஏற்றினேன். முறம் எதற்கு என்று மருத்துவச்சி கேட்டாள். எனக்கும் தெரியவில்லை. அது பாண்டிவரை எங்களோடு வந்தது.

மாமா ஓட்டினார். அவர் பக்கத்தில் நான். பின்னால் மருத்துவச்சியின் மடியில் அக்கா. எங்கள் ஊரும் பிரெஞ்சுக்காரன் மண், பாண்டியும் பிரெஞ்சுக்காரன் மண்; போகும் வழியில் நடுவே ஒரு துண்டு இங்கிலீஷ்காரன் மண். அந்தக் காலத்தில் அப்படித்தான்: நம் வயல், அவன் வயல், மறுபடியும் நம் வயல். எல்லையில் சுங்கச் சாவடி. பிரெஞ்சுப் பக்கத்துச் சரக்கு திருட்டுத்தனமாக உள்ளே வந்துவிடுமே என்று வண்டி வாகனத்தை நிறுத்திச் சோதிப்பார்கள். எங்களை அவர்களுக்குத் தெரியும், விட்டுவிடுவார்கள். அன்று புதுக் காவல்காரன். குறுக்கு மரத்தை இறக்கி வைத்திருந்தான்.

"இன்னா வயித்துல?" என்றான், பின்னால் எட்டிப்பார்த்து.

"புள்ளதாங்க" என்றேன். "எங்க அக்கா. புள்ளத்தாச்சி."

"போன வாரமும் ஒரு புள்ளத்தாச்சி வந்தா. தட்டிப் பாத்தா டங்குன்னுது. பிராந்தி பாட்டில்."

அக்கா வலியிலிருந்து தலையைத் தூக்கினாள். "இங்க வந்து தட்டிப் பாருடா. ஒன் பல்லு டங்குன்னுதா இல்லையான்னு பாக்கலாம்."

அந்தக் குரலைக் கேட்டதும் அவனுக்கு வயிற்றைப் பற்றிய சந்தேகம் தீர்ந்தது. ஆனாலும் புதியவன், ஒன்றையாவது சோதிக்காமல் விட மனசு வரவில்லை. "செரி, பானெட்ட மட்டும் தெற. எஞ்சின அணை."

"அணைச்சா கெளம்பாது ஐயா" என்றார் மாமா.

"எல்லாரும் இதத்தான் சொல்றானுங்க. ஓடற எஞ்சின்ல கைய வுட முடியாதுன்னுதான் அதுக்குள்ள பட்டுத்துணிய வச்சி அனுப்பறானுங்க. அணைச்சாத்தான் மரம் ஏறும்."

மாமா மரத்தைப் பார்த்தார். பின்னால் திரும்பி அக்காவைப் பார்த்தார். அணைத்தார்.

காவல்காரன் உள்ளே குனிந்து பார்த்தான். ஒன்றும் இல்லை. "செரி, போ" என்று மரத்தை ஏற்றினான்.

கைப்பிடியைச் சுற்றினார் மாமா. கிளம்பவில்லை. மறுபடி சுற்றினார். கிளம்பவில்லை. பின்னால் அக்காவின் குரல் ஒரு மாதிரி இறங்கி, பிறகு உயர்ந்தது.

அப்போது நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. மாமா கைப்பிடியை விட்டுவிட்டு ஓடிவந்து சோக்கை இழுத்தார். இழுத்ததை விட்டுப் பிளக்கின் ஒயரைப் பிடுங்கினார். பிடுங்கியதைக் கீழே போட்டுக் கார்புரேட்டரைத் தட்டினார். மறுபடி ஓடிப்போய்ச் சுற்றினார், ஒயரைப் போடாமலே. உதடு என்னவோ முணுமுணுத்துக்கொண்டிருந்தது. அவர் இழுத்த சோக்கை நான் உள்ளே தள்ளினேன், நான் தள்ளியதை அவர் இழுத்தார். இரண்டு பேரும் தலையோடு தலை முட்டிக்கொண்டோம். காவல்காரன் "பின்னாலிருந்து தள்ளுங்க" என்றான். அந்தப் பக்கம் வந்த வண்டிக்காரர் ஒருவர் மாட்டை நிறுத்திவிட்டு "எலுமிச்சம்பழம் இருந்தா வச்சி ஏத்துங்க" என்றார். நான் போய் டயரை உதைத்தேன். மாமாவும் உதைத்தார்.

அவர் உதைத்ததைப் பார்த்ததும் நான் உதைப்பதை நிறுத்திவிட்டேன். இத்தனை நாளும் நான் தைரியமாகப் பதறியதெல்லாம், பதறாத ஆள் ஒருவர் பக்கத்தில் இருக்கிறார் என்ற தைரியத்தில்தானே.

"யோவ்!"

பின்சீட்டிலிருந்து. அக்கா. கட்டின புருஷனை அவள் அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

"யோவ், ஒண்ணொண்ணாப் பண்ணுய்யா! சோத்தத் தின்ன, சாமி கும்புட எல்லாத்துக்கும் சொல்லிச் சொல்லி உசுர எடுத்தியே. இப்பப் பண்ணுய்யா!"

வண்டிக்காரரின் மாடுகூடத் திரும்பிப் பார்த்தது.

மாமா நிமிர்ந்தார். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்க் கோத்தார். கோத்த கையை இறுக்கினார். ஒயரை எடுத்து மாட்டச் சொன்னார். மாட்டினேன். சோக்கை உள்ளே தள்ளச் சொன்னார். தள்ளினேன். மூக்கை என்ஜினுக்குள் நீட்டி முகர்ந்தார்.

"பெட்ரோல் நாத்தம் இல்ல" என்றார். "சோக்க இவ்ளோ இழுத்தும் நாத்தம் இல்ல. பெட்ரோலே வரல மச்சான்."

கார்புரேட்டரில் பெட்ரோல் குழாய் வந்து சேரும் இடத்து நட்டைத் திருகினார். சூட்டோடு. இடது கை குழாயைப் பிடித்திருந்தது. தோல் பொசுங்குகிற வாசனை எனக்கே வந்தது, அவர் கையை எடுக்கவில்லை. நட்டு தளர்ந்தது. பெட்ரோல் சொட்டவில்லை. புஸ்ஸென்று காற்றும், உலை கொதிக்கிறமாதிரி நுரையும் வந்தது.

என் மூளை அந்த நேரம் பார்த்து எழுந்து வந்தது. அந்தக் குழாய், புகை போகிற சூட்டுக் குழாயை ஒட்டிக்கொண்டு போகிறது. என்ஜின் ஓடும்வரை விசிறிக் காற்றடித்து ஆறிக்கொண்டிருக்கும். நிறுத்தினதும் சூடெல்லாம் தேங்கி, குழாய்க்குள்ளேயே பெட்ரோல் கொதித்து ஆவியாகி வழியை அடைத்துக்கொள்கிறது. கொட்டகையில் ஆறவைத்துவிட்டுத் திறந்தால் எப்படித் தெரியும்? காய்ச்சல் விட்டபிறகு நாடி பார்த்த வைத்தியர்கள் நாங்கள்.

காவல்காரன் அந்த நேரத்தில் யோசனையோடு ஒரு பீடியை எடுத்து வாயில் வைத்தான். நான் பாய்ந்து அதைப் பிடுங்கினதில் அவன் மீசையும் கொஞ்சம் வந்தது.

"தண்ணி" என்றார் மாமா.

அவனே ஓடிப்போய்ச் சாவடிப் பானையைத் தூக்கிவந்தான்.

"துணி" என்றார்.

துண்டு அக்காவின் தலைக்குக் கீழே இருந்தது. என் வேட்டியைக் கிழித்தேன். பதற்றத்தில் தேவைக்கு அதிகமாகவே கிழித்துவிட்டேன். நனைத்துக் குழாயைச் சுற்றினார். ஆவி எழுந்தது. மறுபடி தண்ணீர் ஊற்றினார். பிறகு கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

"சுத்தட்டா மாமா?"

"இரு."

அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு முனகினாள். மருத்துவச்சி "நேரமாவுது, நேரமாவுது" என்றாள். மாமாவின் முதுகு ஒவ்வொரு முனகலுக்கும் ஒரு தடவை குலுங்கியது. ஆனால் திரும்பவில்லை. துணியையே பார்த்துக்கொண்டிருந்தார். இன்னொரு முறை தண்ணீர்.

"இப்ப?"

"இரு மச்சான்."

அவ்வளவு நீளமான "இரு"வை நான் அதற்கப்புறம் எங்கும் கேட்டதில்லை.

நட்டை மறுபடி தளர்த்தினார். காற்று இல்லை. நுரை இல்லை. ஒரு சொட்டு, தெளிவாக. அடுத்த சொட்டு. நட்டை இறுக்கினார். முன்னால் போய்க் கைப்பிடியை ஒரே ஒரு சுற்று சுற்றினார்.

உறுமியது. காவல்காரன் பானையைத் தலைக்குமேல் தூக்கி ஆடினான். பிறகு தான் யார் என்பது நினைவுக்கு வந்து முகத்தை இறுக்கிக்கொண்டு, "போ, போ, இங்கெல்லாம் வண்டிய நிறுத்தக்கூடாது" என்றான்.

பாண்டி ஆஸ்பத்திரி வாசலில் வெள்ளை முக்காடு போட்ட கன்னியாஸ்திரீகள் இரண்டு பேர் அக்காவை உள்ளே கொண்டுபோனார்கள். கதவு மூடியது. வண்டியை அணைக்க வேண்டும் என்று எங்கள் இரண்டு பேருக்குமே தோன்றவில்லை. அது வாசலில் உறுமிக்கொண்டே இருந்து, பெட்ரோல் தீர்ந்து, ஒரு இருமல் இருமிவிட்டுத் தானாக அடங்கியது. நான் பாதி வேட்டியோடு சுவரோரம் நின்றேன். போகிற வருகிறவர்களெல்லாம் என்னைத்தான் நோயாளி என்று நினைத்தார்கள்.

சும்மா நிற்க முடியவில்லை. பயத்துக்கு ஒரு வாய் வேண்டியிருந்தது. "மாமா, கண்டுபுடிச்சிட்டோம் பாத்தீங்களா? குழாய்தான் மாமா!" என்றேன்.

"எந்தக் குழாய்?" என்றார்.

அவர் விளையாடவில்லை. கண் கதவின்மேல் இருந்தது. உள்ளங்கையில் தோல் உரிந்து தொங்கிக்கொண்டிருந்தது. அதுவும் அவருக்குத் தெரிந்ததாகத் தோன்றவில்லை. எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகள் அவர் தேடிய பதிலை நான் விளக்கிச் சொன்னேன். கேட்டார். "அப்டியா" என்றார். கதவைப் பார்த்தார்.

விளக்கு ஏற்றுகிற நேரத்தில் கதவு திறந்தது. கன்னியாஸ்திரீ முதலில் அவருடைய கையைப் பார்த்துத் திடுக்கிட்டாள். பிறகு, "பொம்பளப் புள்ள. போய்ப் பாருங்க, சத்தம் போடாதீங்க" என்றாள்.

அக்கா கண்ணை மூடிக் கிடந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை. பக்கத்தில் சின்ன இரும்புத் தொட்டிலில் ஒரு வெள்ளைத்துணி மூட்டை அசைந்தது. மாமா அந்தப் பக்கம் பார்க்கவில்லை. கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஆரம்பித்தார்.

"வலிக்குதா? தண்ணி குடுத்தாங்களா? மயக்கமா வருதா? தலவாணி ஒசரமா இருக்குதா? யாராச்சும் திட்டுனாங்களா? சாவடியில பயந்துட்டியா? நான் அணைச்சிருக்கக்கூடாது, இல்ல? கூசுதா, வெளக்கக் கொறைக்கச் சொல்லட்டா..."

வாழ்நாளில் சேர்த்துவைத்திருந்த கேள்விகளெல்லாம் ஒரே மூச்சில் வந்தன. அக்காவுக்கு வாயைத் திறக்கத் தெம்பில்லை. போர்வைக்கு வெளியே கிடந்த கையில் ஒரு விரலை மட்டும் கொஞ்சம் தூக்கினாள்.

மாமா நிறுத்தினார். கம்பியை விட்டுவிட்டு, தலைமாட்டுக்குப் போய்க் குனிந்தார்.

"இருக்கியா?" என்றார்.

"இருக்கறன்" என்றாள் அக்கா.

அதற்குப் பிறகுதான் அவர் தொட்டில் பக்கம் திரும்பினார்.